“எனக்கு ஊசின்னா பயம் சார்”

ரப்பர் குழாயை முழங்கைக்கு மேல் இறுக்கிக் கட்டிவிட்டு, லேப் அக்கா மூன்றாவது முறையாக நரம்பைத் தடவிக்கொண்டிருந்தார். இரண்டு முறை குத்தியாயிற்று, ரத்தம் வரவில்லை. அதுவரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்த அந்த இளைஞர் திரும்பினார். “அக்கா, அது செத்துப்போன நரம்பு. இதோ இங்க விடுங்க, நல்லா படுக்க வச்சு விடணும். இல்லன்னா என்கிட்ட கொடுங்க, நானே எடுத்துத் தர்றேன்.”

ஐந்து வாரத்துக்கு முன்பு இதே ஆள் எங்கள் போதை சிகிச்சை மையத்தில் தன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “எனக்கு ஊசின்னா பயம் சார், அதெல்லாம் கிடையாது, மாத்திரை மட்டும்தான்” என்று சொல்லியிருந்தார். நானும் படிவத்தில் ‘ஊசிப் பழக்கம்: இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தேன். அந்த டிக்கைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்தபோது

வயது 26. குடியாத்தம் பக்கத்து ஊர். டைல்ஸ் ஒட்டும் வேலை. நாள் முழுக்க முட்டி போட்டு வேலை செய்து இடுப்பு விட்டுப்போகும் சமயத்தில், கூட வேலை செய்தவர் ஒரு டேபென்டடால் மாத்திரை (அபின் வகை வலிநிவாரணி) கொடுத்திருக்கிறார். வலி போனதோடு மனசும் லேசானது. முதலில் ஒன்று, அப்புறம் மூன்று, ஒரு வருடத்துக்குள் நாளுக்குப் பத்து. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மாத்திரை, ஆனால் கிடைத்துக்கொண்டிருந்தது. அதே வகை மாத்திரையான டிராமடாலை 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்த பிறகு, அது விட்டுச்சென்ற இடத்தில் டேபென்டடால் வந்து உட்கார்ந்துகொண்டதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

மே மாதம், அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. வேலூரில் அந்த நாட்களில் மின்விசிறிகூட வெந்நீரைத்தான் ஊற்றும். அவர் முழுக்கைச் சட்டையில், மணிக்கட்டு வரை பட்டன் போட்டு வந்திருந்தார். அதை நான் பார்க்காமல் இல்லை. கொட்டாவி, மூக்கொழுகல், கண்ணில் நீர், கால் குடைச்சல், மயிர்க்கூச்சு எல்லாம் இருந்ததால் குளிர் எடுக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். வித்ட்ராயலில், அதாவது போதை நின்றதும் உடம்பு படும் பாட்டில், குளிர் எடுக்கத்தான் செய்யும். சரியான விளக்கம் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் இன்னொன்றைத் தேட மனம் வராது.

கடைசி மாத்திரை போட்டு 14 மணி நேரம் ஆகியிருந்தது. வித்ட்ராயல் அளவுகோலில் மதிப்பெண் 17, அதாவது நடுத்தரம். சிறுநீர் கார்டில் மார்ஃபின் ‘நெகட்டிவ்’. டேபென்டடால் அந்த கார்டில் தெரியாது, அதனால் அந்த நெகட்டிவுக்கு அர்த்தம் இல்லை. இதை அடக்க, நாக்குக்கு அடியில் வைக்கும் மாற்று மருந்தான புப்ரினார்ஃபின்–நாலாக்ஸோன் 2 மில்லிகிராம் கொடுத்தோம், ஒன்றரை மணி நேரம் கழித்து இன்னொரு 2. மத்தியானத்துக்குள் முகம் தெளிந்து, வெளியே போய் லெமன் சாதம் சாப்பிட்டுவிட்டு வந்தார். மூன்றாம் நாள் முதல் தினம் 8 மில்லிகிராம்.

முதல் நாளே விரல் நுனியில் குத்தி எடுத்த துளி ரத்தத்தில் இரண்டு கார்டு டெஸ்ட் செய்தோம். ஹெச்.ஐ.வி. நெகட்டிவ், ஹெபடைடிஸ் பி நெகட்டிவ். கல்லீரலைத் தாக்கும் இன்னொரு வைரஸான ஹெபடைடிஸ் சி-க்குச் செய்யவில்லை. எங்கள் இடத்தில் அப்போது இருந்த நடைமுறைப்படி ‘ஊசிப் பழக்கம்: ஆம்’ என்றால்தான் சி கார்டு. கல்லீரல் டெஸ்டுக்கு நரம்பில் ரத்தம் எடுக்க வேண்டும். அவர் “பயம்” என்றார், அம்மாவும் “சின்ன வயசுலேர்ந்தே இவன் இப்படித்தான் சார்” என்றார். நடுங்கிக்கொண்டிருக்கும் ஆளை ஏன் வதைக்க வேண்டும் என்று தள்ளிவைத்தோம். தள்ளிவைத்தது ஐந்து வாரம் தள்ளிப்போனது.

ஹெச்.ஐ.வி.யை மட்டும் யாரும் மறக்க மாட்டார்கள், இந்த ஊரில் குறிப்பாக. 1986ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா திரட்டிய ரத்த மாதிரிகள், ஐஸ் பெட்டியில் ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்கு வந்துதான் எலிசா முறையில் பரிசோதிக்கப்பட்டன. இந்தியாவின் முதல் ஹெச்.ஐ.வி. தொற்றுகள் தெரியவந்தது அப்படித்தான். அந்த வருடத்தில் ஹெபடைடிஸ் சி வைரஸுக்குப் பெயர்கூடக் கிடையாது. அதைக் கண்டுபிடித்ததாக உலகம் அறிந்தது 1989ல். ஒன்றுக்கு ஊர் முழுக்க நினைவு இருக்கிறது, மற்றதற்கு இல்லை. ஆனால் ஊசி வழியாக யார் சீக்கிரம் பரவுகிறார்கள் என்று பார்த்தால் சி தான் முந்திக்கொள்ளும்.

மூடி

லேப் அக்கா சிரிஞ்சைக் கொடுக்கவில்லை. ஆனால் அந்த இளைஞர் காட்டிய இடத்திலேயே, முன்கையின் உள்பக்கத்தில், சாய்த்து விட்டார். ரத்தம் வந்தது. அம்மாவை வெளியே டீ வாங்கப் போகச் சொல்லிவிட்டு நான் கதவைச் சாத்தினேன்.

ஏழு மாதமாக ஊசி. மாத்திரை விழுங்கினால் பத்து வேண்டியிருந்தது, ஊசியில் நான்கு போதும் என்று காசுக் கணக்கில் ஆரம்பித்தது. பூச்சு முடிந்து ஜன்னல் வைக்காத வீடுகளில், சாயங்காலம் மேஸ்திரி கிளம்பின பிறகு, நான்கு பேர். மாத்திரையை டைல்ஸ் துண்டின் மேல் வைத்து இன்னொரு துண்டால் பொடிப்பார்கள். தண்ணீர் பாட்டில் மூடியில் போட்டுக் கரைப்பார்கள். சிகரெட் ஃபில்டரைப் பிய்த்து அதன் வழியாக உறிஞ்சுவார்கள். இப்படி உறிஞ்சினாலும் மாத்திரையைக் கெட்டியாக்கச் சேர்த்திருக்கும் மாவும் டால்க்கும் முழுக்க நிற்காது. அவைதான் நரம்பில் போய் அடைத்துக்கொள்கின்றன. அவர் இடது முழங்கை மடிப்பைத் தொட்டுப் பார்த்தேன், தோலுக்கு அடியில் சணல் கயிறு ஓடுவது போல இருந்தது.

“சிரிஞ்ச் மாத்திக்குவீங்களா?”

அவருக்குக் கோபமே வந்தது. “சேச்சே. ஆளுக்கு ஒண்ணு சார். நாங்க விவரமானவங்கதான்.”

“மூடி?”

“மூடி ஒண்ணுதான்.”

இதை எழுதும்போதுகூட எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. எங்கள் படிவத்தில் அதற்கு அடுத்த கேள்வி ‘ஊசியைப் பகிர்ந்ததுண்டா?’ என்பது. முதல் கேள்விக்கு அவர் பொய் சொன்னார், அதுவும் அம்மா முன்னால் நான் கேட்டதால். இரண்டாவதை அவரிடம் கேட்டிருந்தால் உண்மையையே சொல்லியிருப்பார், ‘இல்லை’ என்று. இரண்டு பதிலிலும் அவர் தொற்று வாய்ப்பு இல்லாதவராகத்தான் வெளியே வந்திருப்பார்.

ஏற்கெனவே ஒருமுறை குத்திய ஊசியை, கொஞ்சம் போதவில்லை என்று திரும்ப மூடியில் விட்டு உறிஞ்சும்போது, கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் அந்தத் தண்ணீரில் கலக்கிறது. அடுத்தவர் புது சிரிஞ்சில் எடுப்பது அந்தத் தண்ணீரைத்தான். ஹெபடைடிஸ் சி வைரஸ் சிரிஞ்சுக்குள் தங்கிய ரத்தத்தில் 63 நாள் வரை உயிரோடு இருந்ததாக ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. மூடி, தண்ணீர், ஃபில்டர் மூன்றும் சிரிஞ்சைப் போலவே ஆபத்து. ‘ஊசியைப் பகிராதே’ என்ற சுவரொட்டியை மட்டும் பார்த்தவர்கள் ஊசியை மட்டும்தான் பகிராமல் இருப்பார்கள்.

நான் சொன்ன சொல்

மீதமிருந்த சீரத்தில் சி கார்டு போட்டோம். இரண்டு கோடு, பாசிட்டிவ். கல்லீரல் நொதிகள் கூடியிருந்தன: ஏ.எஸ்.டி. 78, ஏ.எல்.டி. 112. பிலிருபின் 0.9, பிளேட்லெட் 2.1 லட்சம், இரண்டும் சரி.

அன்று திங்கட்கிழமை, வெளியே நாற்பது பேர் நின்றிருந்தார்கள். நான் அவரைக் கூப்பிட்டு, “ரத்தத்துல ஒரு கிருமி இருக்கு, பயப்படாத தம்பி, இன்னொரு டெஸ்ட் எடுக்கணும், நாளைக்கு வா” என்றேன். ‘ரத்தத்தில் கிருமி’ என்று தமிழில் சொன்னால் கேட்பவர் காதில் என்ன விழும் என்று யோசிக்கவில்லை. இருபது முப்பது வருடமாக நாம் ஹெச்.ஐ.வி.யைப் பெயர் சொல்லாமல் சொல்ல வைத்திருக்கும் சொல் அது. தலையாட்டிவிட்டுப் போனவர் நான்கு நாள் வரவில்லை. டோஸுக்கும் வரவில்லை.

ஐந்தாம் நாள் அம்மாதான் இழுத்து வந்தார். மறுபடி நடுக்கம், மறுபடி மூக்கொழுகல். அந்த நான்கு நாளில் என்ன செய்தார் என்பதை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை, வலது கையில் புதுப் புள்ளிகள் இருந்தன.

முதலில் டோஸ் கொடுத்தோம். உடம்பு அடங்கிய பிறகு, ஒரு காகிதத்தில் ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி என்று மூன்றையும் தனித்தனியாக எழுதி, நேராக விடையையும் எழுதிக் காட்டினேன். முதல் இரண்டும் இல்லை, மூன்றாவதற்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறது. ஆன்டிபாடி என்பது வந்துபோன தடம். சி தொற்று வந்தவர்களில் 15 முதல் 45 சதவீதம் பேர் மருந்தே இல்லாமல் ஆறு மாதத்துக்குள் வைரஸை விரட்டிவிடுவதுண்டு, அவர்களுக்கும் கார்டில் இரண்டு கோடு விழும். வைரஸ் இப்போது உள்ளே இருக்கிறதா என்று பார்க்க ஆர்.என்.ஏ. டெஸ்ட், அதாவது வைரல் லோடு வேண்டும்.

அதற்கு இன்னொரு முறை குத்த வேண்டும். முதல் முறையே கூடுதலாக ஒரு குழாய் எடுத்து வைத்திருந்தால், கார்டு பாசிட்டிவ் ஆன அன்றே அதை அனுப்பியிருக்கலாம். அவர் நான்கு நாள் ஓடியிருக்கவும் வேண்டாம், ஒளித்துவைத்த நரம்பை மறுபடி தேடவும் வேண்டாம். இரண்டாம் முறை லேப் அக்காவுக்கு அரை மணி நேரம் ஆனது, கடைசியில் கால் பாதத்தில் எடுத்தார்.

அம்மாவிடம் என்ன சொல்வது என்று அவரையே கேட்டேன். ஹெச்.ஐ.வி. முடிவை ஒருவரின் சம்மதம் இல்லாமல் வீட்டாரிடம் சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. மற்றவற்றுக்கும் அதே மரியாதையைக் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். “கல்லீரல்னு மட்டும் சொல்லுங்க சார், ஊசி வேணாம்” என்றார். அப்படியே சொன்னேன். அம்மா உடனே, “மஞ்சக்காமாலையா? கீழாநெல்லி அரைச்சு மோர்ல கொடுக்கட்டுமா?” என்றார்.

கீழாநெல்லியை நான் கேலி செய்வதில்லை. 1988ல் சென்னையிலிருந்து ஓர் ஆய்வு, அது ஹெபடைடிஸ் பி வைரஸை அகற்றுவதாகச் சொல்லி லான்செட் இதழில் வந்தது, உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. அதுவும் பி பற்றியது, இவருக்கு இருப்பது சி. அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான்: இவனுக்குக் கண் மஞ்சளாகவில்லை, ஆகவும் ஆகாது போலிருக்கிறது, இந்த நோய் மஞ்சள் காட்டாமலே இருபது முப்பது வருடம் கல்லீரலைத் தின்னும், இதற்கு மாத்திரை இருக்கிறது. அப்புறம், தட்டு டம்ளரைத் தனியாக வைக்க வேண்டாம், ஷேவிங் பிளேடும் நகவெட்டியும் மட்டும் தனியாக இருக்கட்டும்.

மருந்து

வைரல் லோடு 6.4 லட்சம். ஏ.எஸ்.டி.யையும் பிளேட்லெட்டையும் வைத்துப் போடும் ஏ.பி.ஆர்.ஐ. கணக்கில் 0.93 வந்தது. 2க்கு மேல் போனால்தான் கல்லீரல் சுருக்கம் என்று சந்தேகப்பட வேண்டும். ஸ்கேனும் சரியாக இருந்தது. தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28ல் தொடங்கியதிலிருந்து டெஸ்டும் மருந்தும் இலவசம். சோஃபோஸ்புவிர் 400 மில்லிகிராம், டக்லடாஸ்விர் 60 மில்லிகிராம், தினம் ஒருமுறை, 12 வாரம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குணமாகும் சிகிச்சை. புப்ரினார்ஃபினோடு மோதாது, டோஸ் மாற்ற வேண்டியதில்லை. (வலிப்புக்கு ஃபெனிடாயினோ கார்பமாஸெபினோ சாப்பிடுபவராகவோ, காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவராகவோ இருந்தால் கதை வேறு. போதை சிகிச்சைக்கு வருபவர்களில் அப்படிப்பட்டவர்கள் உண்டு, கேட்டுவிட வேண்டும்.)

ஹெபடைடிஸ் பி விடையை இங்கே இன்னொரு முறை பார்த்தோம். பி உள்ளே உறங்கிக்கொண்டிருக்கும்போது சி மருந்து கொடுத்தால் பி விழித்துக்கொண்டு கல்லீரலைக் கெடுத்த சம்பவங்கள் உண்டு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016லேயே இதற்குக் கட்டம் போட்டு எச்சரித்தது. இவருக்கு பி மேற்பரப்பு ஆன்டிஜென் இல்லை, பழைய தொற்றின் தடமும் இல்லை, தடுப்பாற்றலும் இல்லை. தொண்ணூறுகளில் பிறந்தவர். அரசுத் தடுப்பூசிப் பட்டியலில் ஹெபடைடிஸ் பி நாடு முழுக்க வந்தது 2011ல்தான். 0, 7, 21ஆம் நாட்களில் போடும் விரைவு முறையில் தடுப்பூசி ஆரம்பித்தோம், 12ஆம் மாதம் நான்காவது. தினம் டோஸுக்கு வரும் ஆளுக்கு இது எவ்வளவு வசதி என்பது போட்ட பிறகுதான் உறைத்தது. ஆறு மாதம் கழித்து வா என்று சொல்லி யாரைத் தேடுவது?

சி மாத்திரையையும் அப்படியே செய்தோம். காலையில் சிஸ்டர் முன்னால் புப்ரினார்ஃபினை நாக்குக்கு அடியில் வைத்துக் கரையும் வரை காத்திருப்பார், அப்புறம் தண்ணீரோடு சி மாத்திரை. ஒரே கவுன்டர், ஒரே பதிவேடு.

உடன் வேலை செய்யும் மருத்துவர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. ஆறு மாதம் சுத்தமாக இருக்கட்டும், அப்புறம் கொடுக்கலாம், மறுபடி ஊசி போட்டால் மறுபடி தொற்றும், மருந்து வீண் என்றார். மறுபடி தொற்றும் என்பது உண்மை, சி ஒருமுறை குணமானால் பாதுகாப்பு தராது. ஆனால் ஊசி போடுபவர் உடம்பில் வைரஸ் இருக்கும் ஒவ்வொரு மாதமும் மூடிக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் ஆபத்து. போதைப் பழக்கம் தொடர்வது சி மருந்தை மறுக்கக் காரணம் ஆகாது என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் சொல்கிறது. நாங்கள் ஆரம்பித்தோம்.

ஐந்தாவது வாரம், ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு போன கூட்டத்தில் பழைய சிநேகிதர் ஒருவரைப் பார்த்திருக்கிறார். மூன்று நாள் ஆளைக் காணோம். நான்காம் நாள் வந்து, கேட்பதற்கு முன்பே, “ஒரு தடவை போட்டேன் சார். ஆனா மூடி தனி, தண்ணி தனி” என்றார். சிஸ்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என்னைக் கேட்டால் அந்த வருடத்தில் நான் கேட்ட நல்ல செய்திகளில் அது ஒன்று. விட்ட மூன்று நாளையும் கடைசியில் சேர்த்துக்கொண்டோம், புப்ரினார்ஃபினை 12 மில்லிகிராமுக்கு ஏற்றினோம்.

மற்ற மூன்று பேர்

பெயர் கேட்கவில்லை. கூட்டி வர முடியுமா என்று மட்டும் கேட்டேன். இரண்டு பேர் வந்தார்கள். இருவருக்கும் கார்டு பாசிட்டிவ். இந்த முறை முதலிலேயே இரண்டு குழாய் எடுத்திருந்தோம். ஒருவருக்கு வைரல் லோடு இருந்தது, மருந்து ஆரம்பித்தோம். மற்றவருக்கு ஆர்.என்.ஏ. இல்லை, உடம்பே விரட்டிவிட்டிருந்தது. மூன்றாவது ஆள் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவர் இன்றுவரை வரவில்லை.

முதலில் வந்த அந்த இளைஞருக்கு, மருந்து முடிந்து 12 வாரம் கழித்து எடுத்த ஆர்.என்.ஏ.யில் வைரஸ் இல்லை. நடுவில் செய்த ஹெச்.ஐ.வி. டெஸ்டும் நெகட்டிவ். காவடிக் கூட்டத்து ஊசியிலிருந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆனபின் மீண்டும் ஒருமுறை செய்தோம், அதுவும் நெகட்டிவ்.

எங்கள் படிவத்தை மாற்றினோம். மாத்திரையோ, பொடியோ, ஊசியோ, என்ன சொன்னாலும் வரும் எல்லோருக்கும் மூன்று டெஸ்டும். ‘ஊசிப் பழக்கம்’ என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. முதல் நாள் கேட்பதில்லை, டோஸ் பிடித்து, ஆள் தனியாக வர ஆரம்பித்த பிறகு, மூன்றாவது வாரத்தில் சிஸ்டர் கேட்கிறார். அதற்குக் கீழே மூடி, தண்ணீர், ஃபில்டர், பிளேடு, பச்சை குத்தியது என்று ஒவ்வொன்றாக. நெகட்டிவ் வந்தவர்களுக்கு மூன்று மாதம் கழித்து மறுபடி. ஆன்டிபாடி தெரிய எட்டிலிருந்து பதினொரு வாரம் ஆகும் என்பதால், முதல் நாள் நெகட்டிவ் என்பது இரண்டு மூன்று மாதத்துக்கு முந்தைய கதையைத்தான் சொல்கிறது. டெஸ்ட் வேண்டாம் என்பவருக்கும் டோஸ் உண்டு. அதை மட்டும் யாரும் தொடவில்லை.

நான் சொல்லாமல் விட்ட ஒன்று அடுத்த பிப்ரவரியில் வந்தது. டைல்ஸ் வேலைக்கு வளைகுடா போக ஏஜென்ட் பிடித்து, மெடிக்கலுக்குப் போயிருக்கிறார். அங்கே செய்தது ஆன்டிபாடி. குணமானாலும் அது வாழ்நாள் முழுக்கப் பாசிட்டிவாகவே நிற்கும். ‘அன்ஃபிட்’ என்று எழுதிய தாளை மேசையில் வைத்துவிட்டு, “குணமாயிடுச்சுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?” என்றார். ஆர்.என்.ஏ. அறிக்கையைச் சேர்த்துக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஏஜென்ட் அதை வாங்கிக்கொள்ளவில்லை. இப்போது குணமான ஒவ்வொருவருக்கும் அந்த விஷயத்தை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

அவர் சித்தூரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் வேலை செய்கிறார். வாரம் ஒருநாள் காட்பாடியில் இறங்கி வந்து ஏழு நாள் டோஸ் வாங்கிப் போகிறார். அடுத்த வைரல் லோடு ஆகஸ்டில்.